முருகன் பக்கம் வடக்கு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் மற்றவர்களுக்குத் தெரியாதது எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துச் சொல்வது நான். வானொலி கரகரத்தால் தட்டுவது நான். மழை வருமா என்றுகூட என்னைத்தான் கேட்பார்கள். ஈப்போவுக்குக் குடிவந்து, நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்பு எழுதும் கிராணி வேலையில் சேர்ந்து, ஒரு பழைய காரையும் வாங்கியபோது வழியும் என் தலையில் விழுந்தது.

“படிச்சவன் ஓட்டுறான், வழி தெரியாமலா போயிரும்?” என்றார் அப்பா.

அப்பா சொன்னதில் தப்பில்லை. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அவருக்குத் தேவைப்பட்ட வழிகள் மொத்தம் மூன்று. குடியிருந்த லயத்திலிருந்து வெட்டுக்காடு, லயத்திலிருந்து கோயில், சம்பளத்தன்று மட்டும் கள்ளுக்கடை. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபிறகு அந்த மூன்றும் போய்விட்டன. இப்போது எங்கே போவதானாலும் புது வழிதான்.

அந்தக் கார் இங்கிலாந்தில் செய்தது. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். ஓட்டுகிறவனுக்கு எதிரே இருக்கும் பலகையில் பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லை, முழுக்க இரும்பு. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வரும்.

வண்டியின் முதல் நெடும்பயணம் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனது. அண்ணன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. நாள் முழுக்க ரம்பச் சத்தத்தில் நின்றவருக்குப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அதற்குமுன் இரண்டு இடம் பார்த்தோம். முதல் வீட்டில் பெண்ணின் தகப்பனார் அப்பாவை ஓரமாக அழைத்துப் போய், “பையனுக்குக் காது கேக்குமில்ல?” என்று விசாரித்தார். இரண்டாவது வீட்டில் விசாரிக்கக்கூட இல்லை, நேரே வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே அண்ணன் சொன்னார்:

“இன்னும் ஒண்ணுதான் வருவேன். அதுவும் ஆவலேன்னா என்னைய விட்டுருங்க.”

அந்த வருஷத்தில் அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. அம்மா கை கழுவப் போகிறவள்போல எழுந்துபோய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த இன்னும் ஒன்று, கோலா கங்சாருக்கு அப்பால் இருந்தது. அடுத்த வாரம் தஞ்சோங் மாலிமிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் அதே பெண்ணைப் பார்க்க வருகிறார்களாம். நாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே போக வேண்டும், அதுவும் நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் வீட்டுப்படி ஏறியிருக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தரகர் வழி சொன்னார்.

“கோலா கங்சாரத் தாண்டுனா வடக்கால ஒரு சடக்கு போவும். அதுல ஒம்பதாங் கட்டை. அங்க உள்ள பூந்து வடக்கப் பாத்தே போய்க்கிட்டு இருங்க, சின்னத் தொரை தோட்டம் வந்துரும். யாரக் கேட்டாலும் சொல்வாங்க லா.”

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, கட்டை என்பது சடக்கோரத்து, அதாவது சாலையோரத்து, மைல்கல். அரசாங்கம் மைலை ஒழித்துக் கிலோமீட்டரைக் கொண்டுவந்து, பழைய கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. தரகரின் ஒன்பதாங் கட்டை தரகரின் மண்டைக்குள் மட்டுமே நட்டிருந்தது. இரண்டாவது, சின்னத் தொரை தோட்டம் என்று பெயர் வைத்தது நம் ஆட்கள். காகிதத்தில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருக்கும். எல்லாத் தோட்டத்திலும் பெரிய துரைக்கு உதவியாக ஒரு சின்னத் துரை இருந்திருக்கிறான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பது உண்மைதான், ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

ஆகத் தரகர் சொன்னதில் மாறாமல் நிற்பது வடக்கு ஒன்றுதான் என்று கண்டுபிடித்தேன். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ஈப்போ டவுனில் கடை கடையாக ஏறினேன். புத்தகக் கடையில் சாலை வரைபடங்கள் அடங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் விலைக்குப் பெண்ணுக்கு ஒரு சேலையே எடுத்துவிடலாம். கடைக்காரர் முறைக்கும்வரை நின்றபடியே அதைப் படித்தேன். சின்னத் துரையைக் காணோம். எண்ணெய் நிலையத்தில் இலவசமாக ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதில் கோலா கங்சாருக்கு மேலே நிலம் இல்லை, விளம்பரம்தான் இருந்தது. கடைசியாக, காருக்கு வேண்டிய சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனேன். அங்கேதான் திசைகாட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு விதம். ஒன்று கப்பலுக்கே போதும், உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. மற்றது எலுமிச்சம்பழம் அளவுதான். கண்ணாடிக் கூட்டுக்குள் எண்ணெயில் ஓர் உருண்டை மிதந்தது. உருண்டையைச் சுற்றித் திசைகளின் எழுத்துகள். நம் பக்கம் இருக்கும் கோட்டுக்கு நேரே எந்த எழுத்து வருகிறதோ, அந்தத் திசையில் வண்டி போகிறது என்று அர்த்தம். பின்னால் ரப்பர் குமிழ், கார்க் கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

“சின்னது மூரா, பாகுஸ்,” என்றார் கடை முதலாளியான தவுக்கே. விலையும் மலிவு, சரக்கும் நல்லது என்கிறார்.

கேட்டதும் வாங்கிவிட நான் என்ன படிக்காதவனா? அதைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குள் நேரே நடந்தேன். திரும்பினேன். டயர் அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றினேன். வாசலுக்கு வந்து சூரியனைப் பார்த்து, மறுபடியும் உள்ளே போனேன். உருண்டை ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒழுங்காகத் திரும்பியது.

“தம்பி, ஜாலான் ஜாலான் போதும் லா,” என்றார் தவுக்கே. “வாங்குறதா, நடக்குறதா?”

வாங்கினேன். கண்ணாடியின் நடுவில் ஒட்டினேன். ஒரே குறை, வண்டி குலுங்கும்போதெல்லாம் உருண்டையும் ஆடியது.

ஞாயிறு மதியம் புறப்படும் நேரத்தில் அம்மா வண்டிக்குள் தலையை விட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன முருகன் சிலையை எடுத்தாள். தைப்பூசத்துக் கடையில் வாங்கியது. பீடத்துக்கு அடியில் காந்தம். முருகனைத் திசைகாட்டிக்கு நேர் முன்னால் இரும்புப் பலகையில் வைத்தாள், டப்பென்று பிடித்துக்கொண்டார். தலையில் கொஞ்சம் மல்லிகை, பலகையில் கொஞ்சம் திருநீறு.

உருண்டை ஒரு முறை சிலிர்த்து வடக்கில் வந்து நின்றது. அப்புறம் ஆடவே இல்லை.

“பாருங்கப்பா, இப்ப எப்படி கல்லு மாரி நிக்குது,” என்றேன். முந்தின நாள் வண்டி அதே இடத்தில் நின்றபோது அது மேற்குக் காட்டியது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. புதுக் கருவி, ஒருநாள் பழகினால்தான் சரியாகும் என்று எடுத்துக்கொண்டேன்.

செமோர்வரை வடக்கு. கோலா கங்சார்வரை வடக்கு. அங்கே சாலை வட்டத்தில் வெளியேறும் வழியைத் தவறவிட்டு முழுதாக ஒரு சுற்று அடித்தேன், அப்போதும் வடக்கு. பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்து, “நல்ல சாமாந்தான்,” என்றார். என் பக்கத்தில் அண்ணன், புதுச் சட்டையின் காலரை இழுத்து விட்டபடி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாங் கட்டை இருந்திருக்கக்கூடிய இடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு உள்ளே திருப்பினேன். இரண்டு பக்கமும் பால்மரம், நடுவே செம்மண் பாதை. கொஞ்ச தூரத்தில் ஒரு கடை வந்தது. வாசலில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், காலடியில் ஒரு நாய். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம்.

“மரியாத தெரிஞ்ச ஊரு,” என்றார் அப்பா.

அடுத்து பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன், வடக்கு. பின்னால் வந்து வலது பக்கம் ஓட்டினேன், அதுவும் வடக்கு. அப்படியானால் இரண்டு பாதையும் போய் ஓரிடத்தில் சேர்கின்றன என்று முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு மட்டும் சரியாகவே இருந்தது. அவை அந்தக் கடைக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தன.

“தம்பி, இதே கடை,” என்றார் அண்ணன்.

“எப்படிண்ணே இதே கடையா இருக்கும்? நாம வடக்கால போய்க்கிட்டே இருக்கோம். இது வேற கடை.”

“அதே நாயி.”

“நாய்ங்க எல்லாம் ஒரே மாரிதான் இருக்கும்.”

நீலச் சட்டைக்காரர் இந்தத் தடவை இரண்டு கையையும் ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். “இந்தப் பக்கம் எல்லாருக்கும் நீலந்தான் புடிக்கும் போல,” என்றார் அப்பா.

மூன்றாம் முறை அவர் கை ஆட்டவில்லை. பாதை நடுவே வந்து கையை விரித்து நின்றுவிட்டார். வண்டியை நிறுத்தினேன். சன்னல் பக்கம் வந்து உள்ளே குனிந்து பார்த்தார்.

“ஈப்போ மாப்புள்ள வூடுதானே?”

“ஆமா,” என்றார் அப்பா.

“நான்தான் பொண்ணோட அப்பா. கடையில ஒக்காந்திருப்பேன்னு தரகர்கிட்ட சொல்லி உட்டேனே, சொல்லலியா? வூடு இந்தா, கடைக்குப் பின்னால. நானும் கூப்புடக் கூப்புட, டாட்டா காட்டிட்டுப் போறீங்க.”

அம்மா அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிடித்துத் திருப்பினாள். நாலரை தாண்டிவிட்டது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா சொன்னாள், “யாரும் எறங்கக் கூடாது. ஆறு மணி வரைக்கும் இப்படியே இருக்கணும்.” பிறகு பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினாள். “அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு எடம் தட்டிப் போயிருச்சு. இந்த ஒண்ணுல நான் எதையும் விடமாட்டேன்.”

பெண்ணின் அப்பாவுக்கு இது சரியாகப் பட்டது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைப் பார்க்க வசதியாகப் போட்டுக்கொண்டார்கள். வண்டிக்குள் அனலாக இருந்தது. அப்பா கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். அண்ணன் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பெண் தட்டில் நாலு கிளாஸ் தேநீரோடு வந்தாள். வெந்துபோகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் யாரால் இருக்க முடியும்? அவள்தான் நாங்கள் பார்க்க வந்த பெண் என்பது தலை நிறைய வைத்த பூவிலேயே தெரிந்தது. அம்மா பதறிவிட்டாள்.

“டேய் பெரியவனே, அவளப் பாத்துறாத. ராகு காலம். நீ நேரா முன்னால பாரு.”

அண்ணன் சொன்னபடி நேரே முன்னால் பார்த்தார். முன்னால் முருகனும் திசைகாட்டியும்தான் இருந்தன. பார்க்காமலேயே கையை நீட்டிக் கிளாசை வாங்கினார். விரல் சுட்டு உதறினார்.

“கொதிக்குது, அந்தப் பலகையில வச்சுருங்க,” என்றாள் அவள் சன்னலுக்கு வெளியே நின்று. “முருகன மட்டும் கொஞ்சம் தள்ளுங்க.”

அண்ணன் முருகனைப் பிடுங்கி இடது பக்கம் வைத்தார். உருண்டை சுழன்றது. வடக்கு போய்விட்டது.

“தம்பி, வடக்கு நவுருதுடா.”

முருகனைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். வடக்கு திரும்பி வந்தது. வலது பக்கம் நகர்த்தினார். மறுபடியும் போனது. எனக்கு ஈப்போவிலிருந்து வந்த வழி முழுவதும் ஒருசேரக் கண்முன் வந்து காது சுட்டது. அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கே. முருகன் போற பக்கமெல்லாம் போவுது. வள்ளிகூட இப்படிப் போயிருக்க மாட்டா.”

அண்ணன் சிரித்தார். ஆலையில் கட்டை விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சத்தம் அவரிடம் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. சிரித்ததில் தலை திரும்பிவிட்டது. அவளை நேராகப் பார்த்தே சொன்னார்:

“எந் தம்பி படிச்சவன். முருகன் இருக்குற பக்கம் வடக்குன்னு எங்கள இம்புட்டுத் தூரம் கூட்டியாந்துட்டான்.”

“அதான் மூணு சுத்தா? கோயில்னு நெனச்சிருப்பாரு.”

“கோயிலா இருந்தா பொங்கலாச்சும் கெடச்சிருக்கும்.”

“டீ குடுத்தோம்ல?”

அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். பதிலுக்குப் பதில். அப்பா விசிறுவதை நிறுத்திவிட்டார். அம்மா என் தோளைப் பின்னாலிருந்து அழுத்தினாள். அந்தப் பேச்சைத் தடுப்பதா, விடுவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. கடைசியில் சன்னல் பக்கம் சாய்ந்து, அடுத்தவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: “இது ஒண்ணும் கணக்கில்ல. நாங்க இன்னும் வூட்டுக்குள்ள வரல. யாரும் யாரையும் பாக்கல.”

“சரிங்கம்மா,” என்று அவள் காலித் தட்டோடு உள்ளே போனாள்.

ஆறு மணி ஆனதும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். பாய் விரித்திருந்தது. முதல் தடவையாகச் சந்திக்கிறவர்களைப் போல எல்லோரும் வணக்கம் சொல்லிக்கொண்டோம். அவள் வேறு சேலை கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மறுபடியும் தேநீர்த் தட்டோடு வந்தாள். அண்ணன் கிளாசை வாங்கித் தலைகுனிந்துகொண்டார். பழைய அண்ணன். பெண்ணின் அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எங்கள் அப்பா பக்கம் திரும்பி, “மாப்புள்ள பேசவே...” என்று தொடங்கினார். முதல் வீட்டில் நடந்ததுபோலவே நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல சீனி கூட. மொதல்ல குடுத்ததுதான் சரியா இருந்துச்சு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ராகு காலத்தில் நடந்தது சபையில் வந்து விழுந்துவிட்டது. பெண்ணின் அம்மா கிளாசையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவோரம் போய் நின்றிருந்த பெண், தாழ்த்திய தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“இது அம்மா போட்டது. மொதல்ல நான் போட்டது.”

பெண்ணின் அப்பாதான் முதலில் சிரித்தார். தஞ்சோங் மாலிம்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக, வெற்றிலைத் தட்டை நகர்த்தியபடி, சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லி முடித்தார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வண்டியில் ஏறியதும் நான் முதலில் செய்தது, திசைகாட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கக் கை நீட்டியதுதான். அம்மா பின்சீட்டிலிருந்து கையைத் தட்டிவிட்டாள்.

“அத ஏன் கழட்டுற? அது பாட்டுக்கு அவரு பக்கத்துல இருக்கட்டும். சரியாத்தானே கொண்டாந்து சேத்துச்சு.”

அண்ணன் முருகனைத் தூக்கி நடுவில் பழைய இடத்தில் வைத்தார். வடக்கு வந்து நின்றது. தெற்கே இருக்கும் ஈப்போவுக்கு வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். கடையைத் தாண்டும்போது நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அண்ணன் சன்னல் வழியே அதற்குக் கை ஆட்டினார்.