பட்டியலில் முதல் வீடு

14.8.2022 – சொந்த வாசலை உடைத்த கூலி: ரூ. 3,800
22.8.2022 – இடிபாடு அள்ளிய வண்டி: ரூ. 900
26.1.2023 – கொடியேற்றம், லட்டு: ரூ. 1,260
9.10.2023 – மனு நகல், பதிவுத் தபால்: ரூ. 74

இவ்வளவும் ஏசுபாதத்தின் கைக்காசு. ரயில்வே கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அந்தத் தெருவின் மழைநீர்க் கால்வாயை அவரவர் வாசலளவுக்கு மூடி, கார் ஏறச் சிமெண்ட் சாய்தளம் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் தாழ்வான கடைசி வீட்டுக்குள் புகும். அங்கே இஸ்திரி போடும் கனகவல்லியும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் கணவரும் இருந்தார்கள்.

ஏசுபாதம் முதலில் தன் சாய்தளத்தை உடைத்தார். குடியரசு தினத்தன்று கொடியேற்றி லட்டு கொடுத்த பிறகு மற்றவர்களையும் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கத் தலைவர் தினகரன் மட்டும் வாய் திறந்தார்.

"சார்கிட்ட ஸ்கூட்டர்தான், ஈஸியா உடைச்சிட்டாரு. நாங்க காரைத் தலைல தூக்கிட்டுப் போறதா?"

சிரிப்பு அடங்கும்வரை ஏசுபாதம் பொறுத்திருந்தார்.

"கனகவல்லி வீட்டுக்காரரால எழுந்து ஓட முடியாது, தினகரன். இப்பதான் எல்லாரும் கொடிக்கு சல்யூட் அடிச்சோம்."

அதன்பின் வீடு வீடாக நடந்தும் ஒன்றும் உடையவில்லை. மழைக்காலம் நெருங்கவே, வீடுகளின் பட்டியலோடு நகராட்சிக்கு எழுதினார். மகன் ஆரோனின் வீடும் அதே தெருதான். சொந்தப் பிள்ளையை ஒளித்தார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாதென்று, அவன் பெயரை முதலில் எழுதினார்.

இயந்திரம் வந்தது. பட்டியலில் முதலாவதாக இருந்த ஆரோன் வீட்டு வாசலை உடைத்தார்கள், படம் எடுத்தார்கள். அதற்குள் தினகரன் யாருக்கோ போன் போட, இயந்திரம் திரும்பிப் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் நல்லவரு. பெத்த புள்ளைய மட்டும் காட்டிக் குடுத்தீங்க, இல்லப்பா?" என்றான் ஆரோன்.

"உன் பேர விட்டுட்டு மத்தவங்க பேர எழுத எனக்கு என்னடா யோக்கியதை?"

அடுத்த வாரமே ஆரோன் நாவலூருக்குக் குடிபோனான்.

டிசம்பர் நான்காம் தேதி விடாத மழை. இடுப்பளவு தண்ணீரில் ஏசுபாதமும் கனகவல்லியும் அவள் கணவரைக் கட்டிலோடு தூக்கப் பார்த்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு எந்த மாடியிலிருந்தும் ஆள் இறங்கவில்லை.

"சார், நல்லா புடி சார், வழுக்கிகினு போவுது," என்றாள் கனகவல்லி. எழுபது வயதுக் கைகள் பிடித்துத்தான் பார்த்தன.

கனகவல்லி கணவரின் அடக்கத்துக்குத் தெருவே வந்தது. தினகரன் மாலை போட்டார். மறுநாள் கார்கள் வழக்கம்போல் சாய்தளங்களில் ஏறின.

ஏசுபாதம் மறுபடியும் எழுதினார், மறுபடியும் எழுதினார். கடைசியாக ஒரு பதில் வந்தது: ஆக்கிரமிப்பு ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது, இனி இது குறித்துக் கடிதப் போக்குவரத்து இல்லை. படத்தில் இருந்தது ஆரோன் வீட்டு வாசல். பதில் கைக்கு வந்து சேர்ந்த தேதி 19.2.2024.