ஈரம் காயாத ஏரி

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேபில் மீசை முளைத்த புதிதில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தார். யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு வீட்டில் ஒரு தங்கை இருந்தாள். மருந்துக்கடையில் வேலை.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா படுத்த படுக்கையானாள். ஒருவர் வேலைக்குப் போனால் இன்னொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதில் வயது போய்விட்டது.

அம்மா இறந்த பிறகு அவள் கிடந்த அறைக்குள் இருவருமே போகவில்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் லேப் முதலாளி வீடு மாறினார். பிள்ளைகள் விளையாடி உடைத்த ரயில் செட் ஒன்றைக் கொடுத்து, போகும் வழியில் குப்பையில் போட்டுவிடச் சொன்னார். ஒரு என்ஜின், மூன்று பெட்டிகள், கொஞ்சம் வளைந்த தண்டவாளம். இவர் போடவில்லை. மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, அறுந்த கம்பியைப் பற்றவைத்து, சாப்பாட்டு மேசைமேல் வட்டமாக அடுக்கி ஓட்டிப் பார்த்தார். தங்கை தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கண்ணா போகுது?"

"எங்கயும் போகல. சுத்துது."

"சும்மா சுத்துறதுக்கு எதுக்கு ரயிலு? ஒரு ஊராவது வேணாமா?"

மறுநாள் அவளே மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய கதவுப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் அறையைத் திறந்து, கட்டில்மேல் அதைக் கிடத்தினாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சாயங்காலமானால் இருவரும் அந்த அறையில்தான் இருந்தார்கள்.

காசு போட்டு வாங்கியது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டிகள் வீடுகளாயின. மாத்திரை உறையின் மினுமினுப்புத் தாள் ஜன்னல் கண்ணாடியானது. பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பியில் கோத்தால் மரம். தண்டவாளம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பழைய சாமான் கடைகளில் துண்டு துண்டாகப் பொறுக்கினார். குறைந்த இடத்துக்குப் பித்தளைப் பட்டையை அராவி, தீக்குச்சிகளைக் குறுக்கே ஒட்டி அவரே செய்தார். மலைக்கு லேபில் வேலை முடிந்து எறியும் தாடை அச்சுகள் சாக்குச் சாக்காக வந்தன. அவற்றைக் கவிழ்த்து அடுக்கி மேலே பிளாஸ்டர் மாவைக் குழைத்துப் பூசினார்கள். "மலைக்குள்ள பாதி ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு கெடக்கு" என்று தங்கை சிரிப்பாள்.

முதலில் கட்டிய மலையில் ஏற்றம் அதிகமாகிவிட்டது. பாதி வழியில் சக்கரம் வழுக்கி, என்ஜின் நின்ற இடத்திலேயே உறுமியது. மலையை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். என்ஜினின் வயிற்றுக்குள் ஈயத்துண்டு வைத்துக் கனம் ஏற்றினார்கள். பாலம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் சண்டை வந்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் சாயங்காலமானால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வேலை மட்டும் நடந்தது.

ஊருக்கு ஆட்களைக் குடிவைத்தது தங்கை. லேபிலிருந்து வரும் மெழுகில் விரல் நுனி உயரத்துக்கு மனிதர்கள் செய்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரலாறு சொல்வாள். கடைசி வீட்டில் இருந்தவர் ரிட்டயர்டு வாத்தியார். ரயில் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதென்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தினம் ஒரு புகார் எழுதுகிறவர். வண்டி தடம்புரண்டால், "வாத்தியார் வேலைதான், வேற யாரு" என்பாள். பல்செட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். அம்மா போனபின் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த அறையில்தான்.

பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்கள் தேய்ந்து ஆட ஆரம்பித்தபோது அவற்றை ஒரு காகிதத்தில் பொதிந்து இரண்டு தெரு தள்ளியிருந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். பம்பு செட்டுக்குத் தண்டு கடைந்துகொண்டிருந்த பட்டறைக்காரர் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கடைய முதலில் நான் கண்ணாடி வாங்க வேண்டும் என்றார். ஆனாலும் மிச்சப் பித்தளையில் அழகாகக் கடைந்து கொடுத்தார். கூலி வேண்டாம், ஓடுவதைக் காட்டினால் போதும் என்றார்.

வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் ஆயில் இருந்தது. புதுச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்ததும் வண்டி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு தண்டவாளத்திலும் ஓடும் மின்சாரத்தைப் பித்தளை ஒன்றாக இணைத்துவிட்டது. லேத்துக்காரருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பல்செட்டுக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சக்கரத்தின் நடுவில் துளையைப் பெரிதாக்கச் சொல்லி, பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிறப் பசையை வார்த்துக் கெட்டியாக்கி அதற்குள் பொருத்தினார். மின்சாரம் தாண்டவில்லை. வண்டி ஓடியது.

"ரயிலுக்கும் பல்செட் கட்டியாச்சு" என்றாள் தங்கை. லேத்துக்காரர் சுவரில் சாய்ந்து அப்படிச் சிரித்தார்.

அவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். தங்கை அவரை ஒரு விருந்தாளியாகவே நடத்தவில்லை. வயரைப் பிடிக்கச் சொன்னாள், பசை கலக்கச் சொன்னாள். பல்செட்டுக்காரருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சிநேகிதன் கிடைத்திருந்தான். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை, பின்னால் அவர் யாரிடமும் சொன்னதில்லை என்றாலும், நினைக்காத நாள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேத்துக்காரர் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை கடைக்குப் போயிருந்தாள். அடியிலிருந்தே அவர் குரல் வந்தது.

"உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

பல்செட்டுக்காரர் கையிலிருந்த, கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார். "அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன். உங்கள கேக்கச் சொன்னாங்க."

இருவரும் தனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தப்பாக ஒன்றும் இல்லை. இந்த வயதில் யாரைக் கேட்க வேண்டும்? ஆனாலும் நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. ரொம்ப சந்தோஷம் என்றார். அதில் பொய்யும் இல்லை.

ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அண்ணன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நேற்றுவரை 'வாங்க, போங்க' என்றிருந்தவர்கள் மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகக் கூச்சப்பட்டார்கள். பட்டறை இருந்த கட்டடத்தை அதன் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னதால், லேத்துக்காரர் வேறு ஊரில் தன் அண்ணன் நடத்திய பெரிய பட்டறைக்குப் போவதென்று முடிவானது. போவதற்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். கிளம்பும்போது தங்கை அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதாள். ரயிலை நிறுத்திவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன அன்றைக்கே அவர் அந்த அறையைச் சாத்தினார்.

ஞாயிறுதோறும் தங்கை போன் செய்தாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டு முடித்ததும், ரயில் ஓடுதாண்ணா என்பாள். ஓடுது என்றார். முதல் பொய் அவ்வளவு சின்னதுதான். இரண்டாவது ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஏரி வேண்டும் என்று அவள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை வைத்தாயா என்று ஒரு வாரம் கேட்டாள். வைத்துவிட்டேன் என்றார். தண்ணி நீலமா, பச்சையா என்றாள். ஒரு நொடி யோசித்துப் பச்சை என்றார். பச்சைதான் நல்லது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றாக வளர்ந்தது. ஏரிக்கரையில் ஒரு ஆஸ்பத்திரி வந்தது. கடைத்தெருவில் விளக்குக் கம்பங்கள் வந்தன. சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒன்றாக எரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்வதென்று லேபில் மெழுகு செதுக்கும்போதே யோசித்து வைத்துக்கொள்வார். கதவு சாத்தியே கிடந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும் பத்து நிமிஷம் அவர் பழைய ஆளாக இருந்தார்.

அப்புறம் ஒரு ஞாயிறு, அடுத்த வாரம் நாங்கள் வருகிறோம் என்றாள் தங்கை. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு மெஷின் பார்க்க வேண்டியிருக்கிறது, இரண்டு நாள் இருப்போம்.

பல்செட்டுக்காரர் லேபில் லீவு கேட்டார். முதலாளி உடம்புக்கு என்ன என்று பதறினார். வீட்டுக்கு வந்து அறையைத் திறந்தபோது தூசி போர்வை மாதிரி கிடந்தது. எலி நாலைந்து வீடுகளைக் கடித்திருந்தது. மெழுகு ஆட்கள் வெயிலில் இளகி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து கையை மடித்துவிட்டுக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார்.

போனில் கட்டியதையெல்லாம் இப்போது கையால் கட்ட வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் தங்கையின் இடத்துக்கு வந்திருந்த பெண்ணிடம் காலி அட்டைப்பெட்டி கேட்டு நின்றார். அவள் எதற்கு என்று ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி எழும்பியது. கம்பங்கள் நட்டார், அவற்றுக்குள் வயர் இழுக்க நேரமில்லை. ஏரிக்குப் பச்சை கலந்த பசையைத் தடிமனாக ஊற்றினார். அது காயவே மாட்டேன் என்றது. விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்.

தங்கை வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அண்ணனைக் கண்டதும் இளைத்துவிட்டாய் என்று கண்கலங்கி, பையிலிருந்து அவருக்கு வாங்கிய சட்டைகளை எடுத்துப் போட்டாள். ஓயாமல் பேசினாள். பட்டறை, ஓரகத்தி, அவளுடைய பிள்ளைகள், மாடியில் வைத்திருக்கும் செடிகள். அந்தப் பிள்ளைகள் தன்னைச் சித்தி என்று சுற்றிச் சுற்றி வருவதைச் சொல்லும்போது அவள் குரலே மாறியது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரயிலைப் பற்றி இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று முதல் நாள் முழுக்கப் போனது. மறுநாள் மத்தியானம், லேத்துக்காரர்தான், "வண்டிய காட்டுங்க மச்சான்" என்றார்.

அறையில் மூன்று பேரும் பலகையைச் சுற்றி நின்றார்கள். வண்டி மலைக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. எவ்வளவு பெரிசாகிவிட்டது என்று தங்கை ஆச்சரியப்பட்டாள். விளக்கைப் போடச் சொல்வாளோ என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. அவளுக்கு அந்த விளக்குகள் நினைவிலேயே இல்லை. லேத்துக்காரர் குனிந்து ஏரியை ஒரு விரலால் தொட்டார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. அவர் விரலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

தங்கை பலகையின் ஓரத்துக்குப் போய், தனியாக இருந்த ஒரு வீட்டைக் காட்டினாள்.

"இது யாரு வீடுண்ணா?"

அது வாத்தியார் வீடு. அவள் கையாலேயே வெட்டி ஒட்டி, வாசலில் அவரைக் கோபமாக நிற்க வைத்த வீடு. அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே மறந்திருந்தாள்.

"யாரோ வாடகைக்கு இருக்காங்க" என்றார்.

நல்லாருக்குண்ணா என்றாள். அதற்குள் போன் அடித்தது, ஓரகத்தியின் பிள்ளை. பேசிக்கொண்டே முன்னறைக்குப் போய்விட்டாள்.

வாரா வாரம் அவள் ஏன் ரயிலை விசாரித்தாள் என்று அப்போது அவருக்குப் புரிந்தது. மாத்திரை போட்டியா என்று கேட்பது போலத்தான் அதையும் கேட்டிருக்கிறாள். அண்ணனுக்காக. அவர் அவளுக்காகவென்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது லேத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஒரு படி பின்தங்கினார்.

"ஏரி நல்லா வந்திருக்கு மச்சான். இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்றார் மெதுவாக. பிறகு, "அங்க ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. எங்ககூட வந்துடுங்க. அவளும் அதத்தான் சொல்றா" என்றார்.

"பாக்கலாம் மாப்ள."

பஸ் போன பிறகு அவர் நேராக லேபுக்குப் போகவில்லை. லீவு மிச்சம் இருந்தது. வயரும் பொடி பல்புகளும் வாங்கி வந்து, கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளே கம்பி இழுத்து மறுபடி நட்டார். சனிக்கிழமை சுவிட்சைப் போட்டபோது கடைத்தெரு முழுக்க எரிந்தது. சொன்ன பொய் ஒன்று நிஜமாகிவிட்டது. நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

ஞாயிறு தங்கை போன் செய்தாள். பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொன்னாள். சட்டை அளவு சரியாக இருக்கிறதா என்றாள். மாத்திரையை மறக்காதே என்றாள். ரயிலைப் பற்றி அவள் கேட்பதற்காக அவர் காத்திருந்தார்.

"வேற என்னண்ணா?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

"சரி, ஒடம்ப பாத்துக்க."

அடுத்த வாரமும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரங்களில் போன் பேச்சு சுருங்கி நாலு வார்த்தையானது. அவள் அங்கே நன்றாக இருந்தாள். அது அவருக்குத் தெரியும். அவர் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனாலும் அவர் அந்த ஊருக்குப் போய் இருக்கவில்லை. கேட்டவர்களிடம், லேபை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார்.

தங்கச்சி வந்துவிட்டுப் போனாளே, எப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் முதலாளி விசாரித்தார். நல்லாருக்கா என்று சொல்லிவிட்டு, பல்செட்டுக்காரர் கையிலிருந்த அச்சை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.