என் போத்தலில் இருந்த உப்பு

ஜூட்டும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். கந்தோர்களுக்கிடையிலான ஓட்டப்போட்டிக்கு எங்களிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். என்றாலும் வெள்ளவத்தைக் கடற்கரையில் சேர்ந்தே பயிற்சி எடுத்தோம். வெயிலில் தசை இழுத்துக் குரக்கை பிடிக்காமலிருக்க, என் போத்தலில் உப்பும் சீனியும் தேசிக்காய்ச்சாறும் கலந்திருக்கும்.

"என்னடா குடிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டான்.

"வெறும் தண்ணி மச்சான்."

நம்பினான். தானும் வெறும் தண்ணீரையே குடித்தான்.

தெரிவு ஓட்டத்தன்று வெயில் கொளுத்தியது. கல்கிசைக்குக் கிட்ட காலில் குரக்கை பிடிக்க, அவன் விழுந்தான். நான் நிற்கவில்லை. வென்றேன்.

அவன் விழுந்த இடத்துக்குத் திரும்பி வந்தபோது வெற்றி மயக்கத்தில் யோசிக்காமல் என் போத்தலையே அவனிடம் நீட்டிவிட்டேன். ஒரு மிடறு குடித்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நல்ல தண்ணி, மச்சான்."

இன்றும் பக்கத்து மேசைதான். ஆனால், அதற்குப் பிறகு அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டதேயில்லை.