மச்சான் பேருல பதிஞ்ச கம்பெனி

எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. எதக் காகிதத்துல ஏத்துனாலும் வெளிநாட்டுல இருக்குற ஆம்பளை பேருலதான் ஏத்துவோம். கேஸ் கனெக்சன் எங்க வீட்டுக்காரர் பேரு. கரண்டு கனெக்சன் அவரு பேரு. நான் மீன் ஏலத்துக்கும் ஸ்கூலுக்கும் ஓட்டிக்கிட்டுத் திரியிற ஸ்கூட்டியும் அவரு பேருதான். அதுல அவரு லீவுக்கு வந்தப்ப ரெண்டு தடவை உக்காந்திருப்பாரு, அதுவும் பின்னாடி. யாரும் எங்களக் கட்டாயப்படுத்துறது இல்லை. அங்கிட்டு வெயில்ல கெடந்து வேகுற மனுசனுக்கு இங்கிட்டு பேராவது இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை, அம்புட்டுத்தான். அந்த ஆசையில நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். இத இதுவரைக்கும் யாருக்கிட்டயும் சொன்னதில்லை.

நான் பொறந்தது கட்டுமாவடி, வாக்கப்பட்டது கோட்டைப்பட்டினம். ரெண்டு ஊர்லயும் கருவாடு காயுறது கடற்கரை மணல்லதான். பழைய வலைய விரிச்சு அது மேல நெத்திலியக் கொட்டி வப்பாங்க. காக்கா கொத்தும், நாய் மோந்து பாக்கும், காத்தடிச்சா மணலு வந்து அப்பிக்கும். மெட்ராஸ்ல இருக்குற என் தங்கச்சி ஒருநாள் போன்ல சிரிச்சா. "அக்கா, நீ குடுத்துவிட்ட கருவாட்டக் கழுவிக் கழுவி ஒங்க ஊரு கடற்கரை பாதி என் வீட்டு சிங்க்குல கெடக்கு." அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. நானும் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவதானே, ஒரு பெட்டி செய்யத் துப்பில்லையான்னு அன்னைக்கே ரோஷம் வந்துச்சு.

என் கொழுந்தனாருக்கு வெல்டிங் பட்டறை இருக்கு. அவர நச்சரிச்சு, இடிச்ச வீட்டு சன்னல் கண்ணாடியையும் ஒடைஞ்ச ஃப்ரிட்ஜோட ஒடம்பையும் வச்சு சாய்வா ஒரு பெட்டி செஞ்சேன். அடியில கருப்புப் பெயிண்டு அடிச்ச தகரம், மேல கண்ணாடி, நடுவுல வலைத் தட்டு. மொதத் தடவை நெத்திலிய உள்ள வச்சுட்டு மத்தியானம் தெறந்து பாத்தா, காயலை, வெந்து கெடக்கு! வீட்டுக்காரரப் பெத்த மாமி எட்டிப் பாத்துட்டு, "கொழம்பு வக்கிறதுக்கு எதுக்குடி இம்புட்டுப் பெரிய சட்டி?"ன்னாங்க. தெருவே சிரிச்சுச்சு. அப்பறந்தான் சூடு வந்தா மட்டும் பத்தாது, ஈரக்காத்து வெளிய போகணும்னு மண்டையில ஏறுச்சு. அடியில ஓட்டை போட்டு, மேல ஒரு கொழாய் வச்சு, பழைய கம்ப்யூட்டர்ல இருந்த சின்ன ஃபேனக் கழட்டி சோலார் தகட்டுல மாட்டுனேன். இப்படியே ரெண்டு வருசம் ஓடுச்சு. எந்த மீனுக்கு எத்தன மணி நேரம், உப்பு எம்புட்டு, எந்தத் தட்டு மேல, எது கீழன்னு எல்லாம் என் நாக்கும் கையும் படிச்ச பாடம்.

தினம் சாயங்காலம் சவுதியில இருக்குற எங்க வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போடுவேன், மச்சான்னுதான் அவரக் கூப்பிடுவேன். அவரு அங்க ஒரு கடை குடோன்ல வேலை. மத்த பொண்டாட்டிமாரு மாதிரி பிள்ளைகளக் காட்டாம நான் பெட்டியக் காட்டுவேன். "இந்தப் பாருங்க மச்சான், இன்னைக்கு வாளைக் கருவாட்ட ஒடிச்சா படக்குன்னு ஒடியுது!" அவரும் பொறுமையாக் கேப்பாரு, கேள்வி கேப்பாரு. எனக்கு அந்த நேரத்துல அவரு பக்கத்துல நின்னு தட்ட எடுத்துக் குடுக்குற மாதிரியே இருக்கும். கல்யாணமான பதினாலு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலைன்னா அது ஒண்ணுதான்.

மகளிர் குழு வாட்ஸப்புல ஒரு நோட்டீஸ் வந்துச்சு. புதுக்கோட்டை பக்கத்துல ஒரு காலேஜ்ல இன்குபேஷன் சென்டர் தெறந்திருக்காங்க, புதுசா எதாவது கண்டுபிடிச்சவங்க வரலாம், எடம் குடுப்பாங்க, வழிகாட்டுவாங்க, தேறுனா ஆரம்ப நிதியும் உண்டுன்னு. பெட்டியோட போட்டோ எடுத்து அனுப்பினேன், கூப்பிட்டுட்டாங்க! விசைப்படகு வராத நாளாப் பாத்து, அறந்தாங்கியில பஸ் மாறிப் போவேன். பெரிய மீனு வராத நாள்லதான் எனக்குக் கை ஓயும்.

அங்க இருந்த மேனேஜர் மேடத்துக்கு என்னை விட வயசு கம்மி. யோசனைய எடுத்துச் சொல்ற பிட்ச்சுன்னா என்ன, ஸ்லைடுல எத்தன வரி இருக்கணும்னு எல்லாம் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து கடலை உரிக்கிற மிஷினோட ஒருத்தர் வருவாரு. அவரையும் என்னையும் யாராவது பெரிய ஆளு வந்தா முன்னால நிறுத்துவாங்க. "இவங்க ஃபவுண்டர் சார்"னு மேடம் என்னைச் சொல்றப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். வீட்டுல நான் மருமக, அண்ணி, உம்மா. அந்தக் கட்டடத்துல மட்டும் நான் ஃபவுண்டர். பொய் சொல்லலை, அந்த வார்த்தைக்காகவே சில நாள் வேலை இல்லாமலும் பஸ் ஏறியிருக்கேன்.

மூணு மாசத்துக்குள்ள கம்பெனியப் பதிவு பண்ணுங்கன்னாங்க. அப்ப மச்சான் லீவுல வந்திருந்தாரு. அறந்தாங்கி ஆடிட்டர், "யாரு யாரு பேருல போடணும்?"னு கேட்டாரு. ரெண்டு டைரக்டராவது வேணுமாம். நான் யோசிக்கவே இல்லை. எங்க வீட்டுக்காரரு பேரு, கொழுந்தனாரு பேருன்னு சொல்லிட்டேன். ஆடிட்டரு கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கிட்டு, "உங்க பேரு வேணாமாம்மா?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அவரு பேருல இருந்தா என் பேருல இருக்குற மாதிரிதாங்க." மச்சான் என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. அவருக்குப் பெருமையில கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தாரு.

ஒன்றரை வருசம் என்னை மேடையில ஏத்துனவங்க யாருமே அந்தக் காகிதத்தப் பிரிச்சுப் பாக்கலை. நிதி தர்ற கமிட்டிக்கு ஃபைலு போறப்பதான் மேடம் போன் பண்ணினாங்க. "என்னங்க இது, இதுல உங்க பேரே இல்லையே?" பெரும்பங்கு வச்சிருக்கிற ஃபவுண்டர் நேர்ல வந்து பேசணுமாம், கொழுந்தனாரு பேருல பேருக்குத்தான் பங்கு. நான் ஒரு வெளியாளாம். "வேணும்னா பேரு மாத்திட்டு அடுத்த ரவுண்டுல போடலாம்ங்க. ஆனா அடுத்த ரவுண்டு எப்ப வரும்னு எனக்கே தெரியாது." ரெண்டு வாரம் தவணை. போன வச்சுட்டு நடுவீட்டுல அப்படியே உக்காந்துட்டேன். யா அல்லா, எம்புட்டுப் பெரிய மடச்சி நான்! இத்தன மாசம் எதுக்கு பஸ் ஏறி அலைஞ்சேன்?

அன்னைக்கு சாயங்காலம் நாந்தான் கூப்பிட்டேன். "மச்சான், நீங்க வந்து பேசிட்டுப் போயிருங்க. ஒரு வாரம் போதும்." அவரு மொதலாளி லீவு தர மாட்டேன்னுட்டாரு. மறுநாள் மச்சான் மெதுவாச் சொன்னாரு, "எழுதிக் குடுத்துட்டேன் புள்ள. வேலைய விட்டுட்டு வாரேன்." எனக்குப் பகீர்னு ஆச்சு, ஆனா சந்தோசமும் ஆச்சு. பிள்ளைக அத்தா வர்றாகன்னு குதிச்சதப் பாத்தா வேணாம்னு சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

அவரு வந்த அன்னையிலேருந்து அவருக்குப் பாடம் எடுத்தேன். வெந்த கதை, ஃபேன் கதை, உப்புக் கணக்கு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வச்சேன். அவரு பேச்சுக்கு நடுவுல, "இது என் வீட்டுக்காரி யோசனை"ன்னு ஒரு எடத்துல சொன்னாரு. நாந்தான் தடுத்தேன். "அப்படிச் சொன்னா சந்தேகம் வரும் மச்சான். 'நான்'னே சொல்லுங்க." இதுவும் என் வாயாலதான் வந்துச்சு.

கமிட்டி நாள்ல என்னை உள்ள விடலை. வராந்தாவுல பெட்டிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தேன். ஏ.சி. வேலை செய்யலைன்னு கதவத் தெறந்து போட்டிருந்தாங்க, அத்தனையும் காதுல விழுந்துச்சு. "இந்த யோசனை எப்படி வந்துச்சு?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. மச்சான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "கருவாட்டுல மணலு இருக்குன்னு சொந்தக்காரங்க கிண்டல் பண்ணினாங்க சார். எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு"ன்னாரு. "மொதல்ல நான் செஞ்ச பெட்டியில மீனு வெந்து போச்சு சார்"னதும் உள்ள எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு தப்பு இல்லை, ஒரு தடுமாத்தம் இல்லை. நான் சொல்லிக் குடுத்தது அப்படியே இருந்துச்சு. எனக்கு மொதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பறந்தான் ஒறைச்சுச்சு. என் தங்கச்சி, என் ரோஷம், நான் பட்ட கேலி, எல்லாம் அந்த ரூமுக்குள்ள வேற ஒருத்தருக்கு நடந்ததா ஆகிருச்சு. எந்திரிச்சுப் போயி கதவச் சாத்தலாமான்னு பாத்தேன். ஆனா அவரு எதையாவது மறந்துட்டா என்ன பண்றதுன்னு உக்காந்தே கேட்டேன்.

நிதி கெடைச்சுச்சு. வெளிய வந்த மேடம் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "உங்க சப்போர்ட் இல்லாம சாரால இது முடிஞ்சிருக்காதுங்க"ன்னாங்க. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொன்னாங்க. அடுத்த வாரம் சென்டரோட ஃபவுண்டர்ஸ் வாட்ஸப் குரூப்புல மச்சான் நம்பர் சேந்துச்சு. பின்னாடியே என் நம்பர எடுத்துட்டாங்க. அவங்க ரூல் படி அது சரிதானாம். கடலை மிஷின்காரரு மட்டும் தனியா மெசேஜ் போட்டிருந்தாரு, "என்னாச்சு சிஸ்டர், உங்களக் காணோம்?"னு. அதுக்கு நான் என்னன்னு பதில் போடுறது?

பெட்டி செய்ய மெயின் ரோட்டுல ஷெட்டு எடுத்தாங்க. கொழுந்தனாரு ஃபிரேம் அடிச்சாரு, வெளியூர் ஆளுக ரெண்டு பேரு வேலைக்கு வந்தாங்க. மொத மாசம் நானும் தினம் போனேன். மாமி ஒருநாள் சாப்பாடு போடுறப்ப, "அதான் அவன் வந்துட்டானே, ஆம்பளைக இருக்குற எடத்துல நீ எதுக்கு அலையணும்?"னாங்க. மச்சான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. அவரு மேல பழி போடணும்னு சொல்லலை, நல்ல மனுசன். காலையில பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடுறாரு. சின்னவ அவரு சட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. அதுக்கு மேல வாயத் தெறக்க என்னால முடியலை, ஷெட்டுக்குப் போறத விட்டுட்டேன்.

போன மாசம் சென்டர்காரங்க எங்க ஊர்லயே பொம்பளைகளுக்குப் பயிற்சி வச்சாங்க. பெட்டிய எப்படிப் பயன்படுத்துறதுன்னு மச்சான் பேசுறாரு. கூட்டம் சேரலை, பெரிய அதிகாரி வேற வர்றாரு. "நீயும் வந்து உக்காரு புள்ள, சேரு காலியா இருக்கு"ன்னு அவரு கெஞ்சவும் போனேன். வருகைப் பதிவுத் தாள நீட்டுனாங்க. தொழில்ங்கிற கட்டத்துல எல்லாப் பேருக்கும் நேரா இல்லத்தரசின்னு முன்னாடியே அடிச்சு வச்சிருந்தாங்க. கையெழுத்துப் போட்டேன். பேச்சு முடிஞ்சதும் பின்னாடியிருந்து ஒரு பொம்பளை, "மழை மூட்டமா இருந்தா மீனு நாறிப் போகுதே, அதுக்கு என்ன பண்ண?"ன்னு கேட்டா. மச்சானுக்குத் தெரியலை. அவரு வந்ததுலேருந்து ஒரு மழைக்காலமும் பாக்கலை, நானும் அதச் சொல்லிக் குடுக்கலை. மைக்கப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. நான் காலுக்குக் கீழ இருந்த மணலப் பாத்தேன். "அடுத்த செஷன்ல சொல்றேம்மா"ன்னு சமாளிச்சாரு. அப்பறம் பயனாளிகளுக்குச் சான்றிதழ் குடுத்தாங்க, எனக்கும் ஒண்ணு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சான்றிதழ மேசை மேல போட்டேன். இதுக்கு மேல அடக்க முடியலை. "மச்சான், அது என் பெட்டி"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. கத்தவும் இல்லை. சின்னவ அவரு முதுகுல சாஞ்சுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தா.

அவரு கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "ஒன்னோடதுதான் புள்ள. எனக்குத் தெரியாதா?"ன்னாரு. "நாளைக்கே ஆடிட்டர்கிட்ட போயி ஒம் பேருக்கு மாத்திருவோம். நான் பழைய மொதலாளிக்குப் போன் போட்டுப் பாக்குறேன், சேத்துக்குவாருன்னுதான் நெனைக்கிறேன். இத விட்டா இங்க எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

என்னை மடக்குறதுக்கு அவரு சொல்லலை. நெசமாவே கேட்டாரு. சின்னவ எழுதுறத நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தா.

"மூட்டமா இருந்தா ரெண்டு நாள் ஆகும்"னேன். "உப்பக் கூட்டணும். மேல் தட்டுல மட்டுந்தான் மீனப் பரத்தணும், கீழ் தட்டு காலியா இருக்கணும். கண்ணாடிய ஒரு விரல் அளவு தெறந்து வைக்கணும்."

"இரு, இரு"ன்னு சொல்லி மகக்கிட்ட பேனாவ வாங்கி எழுதிக்கிட்டாரு.