வேகத்தைக் கணிக்கத் தவறியவர்

காலை ஏழு நாற்பது. பட்டறைக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது என் சைக்கிளின் அடிவயிறு. மெக்கானிக் லூக் அதைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சைக்கிளைப் பழுது பார்க்க, பல் மருத்துவரிடம் போவதுபோல முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். செங்கல்பட்டில் கடை வாசலில் சாய்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். இங்கே எட்டு நாள் காத்திருந்தேன்.

லூக் கண்ணை மூடிக்கொண்டு, ஹேண்டில்பாருக்குப் பின்னால் சரிந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். இரும்பில் நக அகலத்துக்கு ஒரு மடிப்பு. அது அங்கே இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"பலமாக மோதியிருக்கிறது. பழைய காயம். பந்தயத்திலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, "ப்ரோஃபிசியாட்!" என்று என் கையைக் குலுக்கினார். வாழ்த்துகள் என்று பொருள். பந்தயத்தில் விழுந்தவருக்கு இந்த ஊரில் தனி மரியாதை உண்டு. நான் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

இது இந்த ஊரிலேயே செய்யப்பட்ட பந்தய சைக்கிள். எனக்கும் லூக்குக்கும் மூத்தது. கியர் மாற்றும் குச்சிகள் ஹேண்டில்பாரில் இல்லாமல் குழாயில் இருக்கும். முகப்புத் தகட்டில் ஊரின் பெயர் பொறித்திருக்கும். அதை ஓட்டிக்கொண்டு உலகம் சுற்றிய ஒருவர் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ஒரு மாதம் தங்கி, விமானம் ஏறும்போது அங்கே வேலை பார்த்த ஏழுமலையிடம் விட்டுவிட்டுப் போனார். ஏழுமலை என் பள்ளித் தோழன். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம். ஆறே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவனைத் துரத்திப் பிடிக்க யாரும் இல்லை. மாவட்ட அணிக்கான தேர்வுப் பந்தயம் அறிவிக்கப்பட்டபோது, முதலில் வரப்போவது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, திருவிழாச் செய்திக்காக அவன் சைக்கிளை இரவல் வாங்கிப் போனேன். திரும்பும் வழியில், சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரின் பின்புறத்தில் மோதினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் கவை பின்னுக்கு மடங்கியது. செங்கல்பட்டில் ஒரு வெல்டர் அதில் நீளமான பைப்பைச் செருகி நிமிர்த்திக் கொடுத்தார். "இரும்பு சார், சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். குழாயில் பெயின்ட் வெடித்த இடத்தில் நகப்பூச்சு தடவினேன். எதுவும் சொல்லாமல் சைக்கிளை அவன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏழுமலை கேட்டான்: "இன்னாடா, லெஃப்டுல இழுக்குது?"

"கடல் காத்துடா" என்றேன்.

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம். காற்று இடப்பக்கம்தான் தள்ளும். அவன் நம்பினான். பந்தயத்தில், கோவளத்தில் கேளம்பாக்கம் போக இடது பக்கம் திரும்பும் வளைவு வரை முதலாவதாக வந்தான். அங்கே விழுந்தான். நான் பத்தடி தூரத்தில் குறிப்பேட்டுடன் நின்றிருந்தேன். மறுநாள் என் செய்தியில், 'வேகத்தைக் கணிக்கத் தவறி வளைவில் விழுந்தார்' என்று வந்தது. அந்த வரியை வேறு யாரும் திருத்தி எழுதவில்லை. நான் எழுதியதுதான்.

அதன்பிறகு அவன் சைக்கிள் ஏறவில்லை. நான் பெல்ஜியம் கிளம்பியபோது, "அத்தோட ஊருக்கே போறியே, இட்டுகினு போ மச்சான்" என்று கொடுத்துவிட்டான். ஒன்பது ஆண்டுகளாக அதில்தான் வேலைக்குப் போகிறேன். இங்கே கடல் இல்லை. இப்போதும் அது இடப்பக்கம் இழுக்கிறது.

குழாயை வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்தலாம், மெதுவாக ஓட்டுவதென்றால் அப்படியே விடலாம், முடிவு உங்களுடையது என்றார் லூக். முடிவு என்னுடையதல்ல. ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையை அழைத்தேன். அவன் இப்போது கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

"இன்னா மச்சான், ஃபாரின்காரருக்கு நம்ம நெனப்பு வந்துட்ச்சா? நாஸ்தா ஆச்சா? அங்க ரொட்டிதானே, பாவம்!"

சொன்னேன். டிரெய்லர், வெல்டர், நகப்பூச்சு, நான் எழுதிய வரி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அப்போ அது காத்து இல்லியா?"

"இல்லடா."

"என் பொண்ணு சைக்கிள் கேட்டுச்சுடா. நம்ம வம்சத்துக்கே பேலன்ஸ் வராதும்மா, பேப்பர்லயே போட்டுக்கீறாங்கன்னு சொல்லி சிரிச்சேன்." அவன் இப்போது சிரிக்கவில்லை. "ஆள் ஏறிட்டாங்க. வெக்கிறேன்."

அடுத்த மூன்று நாள் நான் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒரு குரல்பதிவு வந்தது. மச்சான் என்ற சொல் அதில் இல்லை.

"அந்தக் கொழாய வெட்டாத. எப்டி கீதோ அப்டியே அனுப்பு. நா ஓட்டிப் பாக்கணும்."

லூக்தான் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டினார். பெட்டி அடுத்த வியாழக்கிழமை போனது. நான் டிராமில் வேலைக்குப் போகிறேன்.