தறிக்குடோன் காற்றும் எங்கள் கம்ப்யூட்டரும்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, இட்லி ஊற்றி, வேகவைத்து எடுத்தும் வந்துவிட்டேன். திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

"அம்மணி, அதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சாட்ட இருக்குது. புதுசே வாங்கிப்போடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

நான் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். பஞ்சு அடைத்த தறி மோட்டார் இப்படித்தான் முக்கும். பதினைந்து வருடமாகத் தறி ஓட்டுகிறவளுக்கு அது தெரியாதா?

"ஏனுங்க, இந்த டார்ச்சைப் புடிங்க."

பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றினால், ஃபேன் முழுக்கப் பஞ்சு. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எங்கள் தறிகள் ஓடுகிற குடோன், வேறென்ன இருக்கும்? ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தறியில் பஞ்சு போக அடிக்கிற கம்ப்ரஸர் காற்றையே மெதுவாக அடித்தேன். பிறகு, ஆன் ஆகும்போதே தானாகக் கிளம்புகிற வேண்டாத புரோகிராம்களையும் நிறுத்தினேன்.

இப்போது பால் பொங்குவதற்குள் கம்ப்யூட்டர் தயார். விண்ணப்பமும் போயாயிற்று.

சற்றுமுன் தன் அக்காவிடம் போனில் இவர் சொன்னது: "கடைக்கெல்லாம் எதுக்குங்கக்கா? நானே கழட்டிச் சரி பண்ணிப்போட்டேன்."

உங்கள் வீட்டிலும் டார்ச் பிடித்தவர்தான் மெக்கானிக்கா?