மனசுக்குத் தரும் மாத்திரை

அக்காவின் இடது கை வெட்டுப்பட்டது ஒரு சம்பா அறுவடையில். குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்க மறுத்திருந்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் நின்று தடுத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. தள்ளுமுள்ளில் யாரோ வீசிய அரிவாள் அவள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. யார் வீசியது என்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், பேச்சுவார்த்தை நடந்தது, கூலி கொஞ்சம் உயர்ந்தது. புண்ணும் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

எரிச்சல் என்றுதான் அவள் சொல்வாள். முந்தானை அந்த இடத்தில் உரசினாலே கொதிக்கிற கஞ்சியைக் கொட்டின மாதிரி துடித்துப்போவாள். ஆனால் விரல்கள் மடங்கின, நீண்டன. அதுதான் அவளுக்கு வினையாயிற்று. பார்க்கிறவர்களுக்கு அது நல்ல கை. வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்றார் அவள் வீட்டுக்காரர். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காகப் போடுகிற வேஷம் என்றார்கள் மிராசுதாரின் ஆட்கள். இரண்டு வருஷம் போனதும் சங்கத்துக்காரர்களே அவள் பேச்செடுத்தால் நகர்ந்துகொண்டார்கள். வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

வீட்டுக்காரரோடு ஒத்துவராமல் அவள் என்னிடம் வந்தாள். அப்போது நான் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். அவள் நாற்று நட்டு, களை பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு காலையில், வடித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை அவள் கைநழுவ விட்டபோது, "போதும்க்கா, நடிக்காத" என்று சொன்னேன். அவள் குனிந்து, ஒற்றைக் கையால் சோற்றை அள்ளினாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று நான் கிளம்பிப் போய்விட்டேன்.

என்னோடு வேலை பார்த்த லுத்தரன் சபை டீச்சர்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். அரை மனதாகத்தான் கூட்டிப்போனேன். ஆறு வருஷமாக இப்படி எத்தனையோ இடம் போயாகிவிட்டது.

அந்த அம்மா அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு துளிப் பஞ்சைத் தழும்பின் ஓரமாக லேசாக இழுத்தார். அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்தார். வேறெதுவும் சோதிக்காமல் சீட்டு எழுதினார்.

மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, இது மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சே, யாருக்கு என்று கேட்டார். அவ்வளவுதான், அக்கா விறுவிறுவென்று டாக்டரம்மாவிடமே திரும்பிப் போனாள்.

"எனக்குப் பைத்தியம்னு நீங்களும் சொல்றீங்களா?"

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார்.

"உங்க வலி நெசம்மா. தோல் ஆறிடுச்சு, உள்ள அறுந்த நரம்பு ஆறல. எரியுது எரியுதுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. அத அடக்குற ரசாயனம் மூளையிலயே சுரக்குது. சுரந்த வேகத்துல வத்தியும் போயிடுது. இந்த மாத்திரை அத வத்தவிடாம கொஞ்சம் தேக்கி வைக்கும். சோகத்துல கெடக்குறவங்களுக்கும் இதத்தான் குடுக்குறோம். அவங்களுக்கு நெறய, உங்களுக்குக் கொஞ்சமா."

முற்றிலும் போகாது என்றும், மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். அக்கா அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எம் பொலம்பல நீயும் எத்தன வருஷந்தான் கேட்டுக்கிட்டே இருப்ப" என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதல் இரண்டு வாரம் வாய் வறண்டது. பகலிலும் தூங்கி விழுந்தாள். வலி அப்படியே இருந்தது. நிறுத்திவிடுகிறேன் என்றாள். இன்னும் ஒரு வாரம் பார் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், நம்பிக்கை இல்லாமல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இடது கையால் முருங்கைக்கீரையைப் பிடித்துக்கொண்டு உருவுவதைப் பார்த்தேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்குடி. ஆனா தள்ளி நிக்குது."

ஊர் அதையும் விடவில்லை. மனநோய் மாத்திரையில் குறைந்ததென்றால் அது மனநோய்தானே என்று அவள் வீட்டுக்காரர் டீக்கடையில் சொன்னாராம். நான் கொதித்துப்போய் நியாயம் கேட்கக் கிளம்பினேன். அக்கா தடுத்துவிட்டாள். யாரிடமும் எதையும் நிரூபிக்கத் தன்னிடம் தெம்பு இல்லை, இப்போது ராத்திரியில் தூங்க முடிகிறது, அது போதும் என்றாள்.

நடவுக்கு அவள் திரும்பவில்லை. பின்னால் சத்துணவுத் திட்டம் வந்தபோது எங்கள் பள்ளியிலேயே சமையல் வேலை கிடைத்தது. பனிக்காலத்தில் எரிச்சல் கூடும். அந்த நாட்களில் பானையை வேறொருத்தி இறக்குவாள். மாத்திரையை மாதம் ஒருமுறை தஞ்சாவூர் போய் வாங்கி வருவேன். பஸ் கிடைக்காமல் தாமதமான மாதங்களில் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். மாத்திரை உறையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக்கூடச் சோம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன்.